மலாக்காவில் கரையிறங்கிய தம்பதிகள்

1817ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி மதராஸ் பட்டணத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வால்டர் ஹென்றி மெட்ஹர்ஸ்ட், லண்டனில் பிறந்தவர், அச்சுத்தொழில் கற்றவர், வயது 21. மணப்பெண் எலிசபெத் பிரவுன், கணவரை இழந்தவர், மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவர். மெட்ஹர்ஸ்ட் மதராஸில் தங்குவதற்காக வந்தவரல்லர். லண்டன் மிஷனரி சங்கம் அவரை மலாக்காவில் இருந்த தன் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த கப்பலுக்காக மதராஸில் காத்திருந்தபோது, சில மாதத்துக்குள், எலிசபெத்தைச் சந்தித்துப் பழகி மணமுடித்தார். தாலி கட்டிய ஈரம் காயுமுன் என்பார்களே, அப்படி மறுநாளே இருவரும் கப்பலேறினார்கள். ஜூன் மாதம் மலாக்காவில் இறங்கினார்கள்.

அதன்பின் அவர்கள் வாழ்க்கை துறைமுகத்துக்குத் துறைமுகமாக நகர்ந்தது. மலாக்காவிலிருந்து பினாங்கு, அங்கிருந்து 1822இல் பத்தாவியா என்ற இன்றைய ஜகார்த்தா, 1843இல் ஷாங்காய். பத்தாவியாவில் 1832இல் அவர்கள் தொடங்கிய பராபட்டான் ஆதரவற்றோர் இல்லம் இன்றும் நடக்கிறது. ஹொக்கியன் சீனத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் அகராதி, சீனாவைப் பற்றிய பெரிய நூல், வேதாகம மொழிபெயர்ப்பு என்று வால்டர் எழுதிக் குவித்தார். 1857 ஜனவரியில் தாயகம் திரும்பியவர் லண்டன் சேர்ந்த இரண்டாம் நாளே கண்மூடினார். எலிசபெத் 1874 வரை வாழ்ந்தார். மதராஸிலிருந்து புறப்பட்டுக் கடல்மேல் கட்டிய குடும்பத்தை நாற்பது ஆண்டு தாங்கிய அந்தப் பெண்ணைப் பற்றி அறிய, அவருடைய கணவரின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

1815க்கும் 1843க்கும் இடையில் இப்படி எத்தனையோ தம்பதிகள் மலாக்காவில் இறங்கினார்கள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், வணிகரும் அல்லர். கடவுள் அழைத்தார் என்று நம்பி, திரும்பி வருவோம் என்ற உறுதியில்லாமல் உலகத்தின் பாதியைக் கடந்து வந்தவர்கள். கண்டதையும் பட்டதையும் நாட்குறிப்பிலும் கடிதத்திலும் எழுதி வைத்தார்கள். புயலடித்தாலும், காற்று ஓய்ந்து கப்பல் நின்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அதில் இறைவன் என்ன சொல்கிறார் என்று தேடினார்கள். அந்த எழுத்தைத் தமிழர் படிக்க ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மலாக்காவில் அவர்களுக்கு மொழி கற்றுக்கொடுத்து வாசலைத் திறந்துவிட்டவர் நாகூர் வம்சத்தில் வந்தவர், தமிழ் படித்தவர்.

மலாக்காவின் உள்நாட்டு ஊரான டுரியான் துங்காலிலிருந்து மலாக்கா நகருக்கு இன்று ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்தத் தம்பதிகள் காலத்தில் இந்த உள்நாட்டில் பால்மரத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. டுரியான் துங்கால் அடங்கிய அலோர் காஜா வட்டாரம் நானிங் மக்களின் நாடாக இருந்தது. நானிங்கின் தலைவரான பெங்ஹுலு டோல் சாயிட் ஆங்கிலேயருக்கு வரி கட்ட மறுத்ததால் 1831இலும் 1832இலும் இங்கே போர் மூண்டது. அதில் ஆங்கிலேயர் தரப்பில் காட்டை வெட்டி முன்னேறியது பெரும்பாலும் மதராஸ் ராணுவத்தின் சிப்பாய்கள். அந்தப் படையில் பீரங்கிப் பிரிவில் பணிசெய்த பெக்பி என்ற அதிகாரி மலாயா தீபகற்பத்தைப் பற்றி எழுதிய நூல் 1834இல் அச்சானது சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில். தோட்டத் தமிழர் வந்தது அதற்கு வெகுகாலம் பிந்தி. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகுதான் இந்த மண்ணுக்குத் தமிழ்க் கூலிகளின் தேவை வந்தது. கங்காணி கூட்டி வந்தவர்களும் தானாக வந்தவர்களுமாக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வழியாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

மலாக்காவுக்கு வந்த கிறிஸ்தவப் பயணிகளில் பெயர்பெற்றவர் பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறைப் பரவர் நடுவே ஊழியம் செய்து, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தவர், மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி 1545இல் இங்கே வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்த அவருடைய உடல் கோவாவுக்குப் போகும் வழியில் மலாக்காவின் தூய பவுல் குன்றில் சில மாதம் புதைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழியை இன்றும் பார்க்கலாம். சவேரியார் துறவி, தனியாள். உடுத்திய அங்கியோடு எழுந்து போய்விட முடிந்தவர். புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் மனைவியோடு வந்தார்கள், வந்த இடத்தில் பிள்ளை பெற்றார்கள். அவர்களுடைய விசுவாசம் தொட்டில்துணியோடும் மருந்துக் குப்பியோடும் சேர்ந்தே பயணம் செய்தது. இந்த வேறுபாடுதான் அவர்களுடைய எழுத்தை வேறு ஆழத்துக்குக் கொண்டுபோனது.

அவர்களில் முதல்வர்கள் வில்லியம் மில்னும் ரேச்சலும். வில்லியம் 1785இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். ஆடு மேய்த்தார், தச்சு வேலை செய்தார். மிஷனரியாகப் போக விரும்பி அவர் முதன்முதலில் மிஷன் குழுவின் முன் நின்றபோது, அந்த நாட்டுப்புறத் தோற்றத்தைக் கண்டு, போதகராக இல்லாமல் வேலையாளாக அனுப்பினால் போவாயா என்று கேட்டார்களாம். விறகு வெட்டவும் தண்ணீர் இறைக்கவும் தயார் என்று பதில் சொன்னார் என்பது மிஷன் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1812 ஆகஸ்டில் அவருக்கும் அபர்டீனைச் சேர்ந்த ரேச்சல் கவிக்கும் திருமணம். செப்டம்பர் 4ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்தில் கப்பலேறினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மக்காவ் சேர்ந்தது 1813 ஜூலை 4. சரியாகப் பத்து மாதம்.

மக்காவ் நகரில் இறங்கிய சில நாளிலேயே வெளியேறச் சொல்லி போர்த்துகீசிய ஆளுநரின் உத்தரவு வந்தது. வில்லியம் கான்டன் நகருக்குப் போனார். ஐரோப்பியப் பெண்கள் கான்டனுக்குள் போகச் சீன அரசு அனுமதிக்கவில்லை. அதனால் ரேச்சல் மக்காவ் நகரிலேயே, சீன மிஷனின் முன்னோடி ராபர்ட் மோரிசனின் மனைவி மேரியோடு தங்கினார். அடுத்த ஆண்டு வில்லியம் சீன மொழி நூல்களைச் சுமந்துகொண்டு ஜாவா பக்கம் மாதக்கணக்கில் சுற்றினார். கணவன்மார் கான்டனிலும் கடலிலுமாக அலைந்த அந்தக் காலத்தில் இரண்டு பெண்கள், தெரியாத தேசத்தில், கைக்குழந்தைகளோடு, அரசின் தயவில் நாளைக் கடத்தினார்கள். மிஷன் வரலாறுகளில் இந்தப் பகுதி ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் ஊழியத்தின் பாரம் அந்த வீட்டில்தான் இறங்கியிருந்தது.

சீனாவுக்குள் வேலை செய்ய வழியில்லை என்று தெரிந்ததும் சீனக் குடியேறிகள் நிறைந்த, கப்பல்கள் வந்துபோகும் மலாக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1815 ஏப்ரலில் மில்ன் தம்பதி புறப்பட்டார்கள். வழியிலேயே, கடலின் நடுவில், ரேச்சலுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. மே மாதம் மலாக்காவில் இறங்கும்போது ரேச்சலின் கையில் மாதம் ஒன்றுகூட நிறையாத இரண்டு சிசுக்கள். கூடவே வந்தவர் லியாங் ஃபா என்ற சீன அச்சுத்தொழிலாளி. அன்று மலாக்கா, ஐரோப்பியப் போர்களின் விளைவாக டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது.

வந்த சில மாதத்துக்குள் வேலைகள் வரிசைகட்டின. ஆகஸ்ட் 5ஆம் தேதி சீன மொழியில் ஒரு மாத இதழ் வெளிவந்தது. நவீன சீன இதழியலின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். குதிரை லாயமாக இருந்த இடத்தைச் செப்பனிட்டுச் சீனப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார்கள். பணம் வாங்காமல் படிப்புச் சொல்லித்தர எவனாவது வருவானா என்று பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். 1816 நவம்பர் 3ஆம் தேதி லியாங் ஃபா ஞானஸ்நானம் பெற்றார். 1818 நவம்பரில் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வளவும் நடந்த வீட்டின் நிர்வாகம் ரேச்சலுடையது. வந்துபோகும் மிஷனரிகளுக்கு உணவும் படுக்கையும், நோயாளிகளுக்குப் பணிவிடையும், பெற்ற பிள்ளைகளும் அவர் பொறுப்பு.

மில்னுக்கும் அவருடைய தோழர் கிளாடியஸ் தாம்சனுக்கும் மலாய் கற்றுக்கொடுக்க வந்தவர்தான் அப்துல்லா. முழுப்பெயர் அப்துல்லா பின் அப்துல் காதிர். 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர், அதாவது மெட்ஹர்ஸ்டின் வயது. இவருடைய பூட்டனார் ஏமனிலிருந்து வந்து நாகூரில் குடியமர்ந்து அங்கேயே மணமுடித்த அரபியர். பாட்டனார் முகம்மது இப்ராகிம் மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெயர்களைப் பார்த்தாலே எந்தக் கரையின் மணம் என்று தெரிந்துவிடும்.

சிறுவயதில் அப்துல்லாவைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் படித்தார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் அது பயன்பட்டது என்றும், தமிழ் வணிகர் அன்று இங்கே நிறைந்திருந்தார்கள் என்றும் அவரே தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். தோட்டக்காட்டு மொழி என்று பிற்காலத்தில் சிலர் ஒதுக்கிய தமிழ், இருநூறு ஆண்டுக்கு முன் இந்த ஊரின் வணிக மொழி. டுரியான் துங்காலிலும் அலோர் காஜாவிலும் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். கோட்டையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்கள்தான் தங்களுக்குப் பாடம் சொன்ன அந்த இளைஞரை முன்ஷி என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

மில்னிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்றார், பதிலுக்கு மலாய் கற்றுக்கொடுத்தார். தாம்சனோடு சுவிசேஷத்தை மலாயில் பெயர்க்கும் வேலையில் அமர்ந்தார். ஊரார் சும்மா இருப்பார்களா? அப்துல்லா பாதிரி என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். மகன் மதம் மாறிவிடுவானோ என்று பெற்றோர் கலங்கினார்கள். அப்துல்லா மாறவில்லை, கடைசிவரை உறுதியான முஸ்லிமாகவே வாழ்ந்தார். மில்னின் பொறுமையையும் நற்பண்பையும் அவர் மனமாரப் புகழ்கிறார். தாம்சனோடு மட்டும் ஓயாத தர்க்கம். ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே மலாய்மீது ஏற்றாதீர்கள், மலாய்க்காரன் காதுக்கு அது ஏறாது என்று இவர் சொல்வார். மூலத்தில் இருப்பதை மாற்ற முடியாது என்று அவர் நிற்பார்.

அந்தத் தர்க்கத்தில்தான் இந்தப் பயணங்களின் ஆன்மிகச் சாரம் இருக்கிறது. உலகத்துக்குக் கற்பிக்க வந்தவர்கள் மலாக்காவில் முதலில் மாணவர்களாக உட்கார வேண்டியிருந்தது. கடவுளின் வார்த்தை என்று தாங்கள் போற்றிய நூலைச் சொல்வதற்கே இன்னொரு மார்க்கத்தாரின் காது தேவைப்பட்டது. சீன மொழியை முழுமையாகக் கற்க மெத்தூசலாவின் ஆயுள் வேண்டும் என்று மில்ன் எழுதினார். விவிலியக் கணக்கில் மெத்தூசலா வாழ்ந்தது 969 ஆண்டு. மில்னுக்குக் கிடைத்தது 37. இந்தப் பணிவு எல்லாரிடமும் வரவில்லை. கோயிலும் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் மலாக்காத் தெருவில் நடந்தபோது, அங்கே கும்பிட்டவர்களை இருளில் இருப்பவர்கள் என்றே பலர் எழுதினார்கள். பொய்யாத விநாயகர் கோயில் 1781இலிருந்து அங்கே நிற்கிறது. அதற்குள் நின்று வேண்டிக்கொண்ட தமிழரின் மனதை அறிய அவர்கள் முயன்றதில்லை. அந்தக் குறையை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் மில்ன் 1817இல் தொடங்கிய ஆங்கிலக் காலாண்டிதழில் சீனரின் சடங்கு, நூல், நம்பிக்கை பற்றியெல்லாம் தகவல் திரட்டத் தொடங்கினார். மறுத்துப் பேசுவதற்காகத் தொடங்கிய தேடல்தான் அது. ஆனாலும் தேடத் தேட அறிவு விரிந்தது.

1819 மார்ச் 20ஆம் தேதி ரேச்சல் மலாக்காவில் இறந்தார்.

அதே ஆண்டு மில்னின் சீன நூல் ஒன்று வெளியானது. சாங், யுவான் என்ற இரண்டு நண்பர்கள் வழியில் சந்தித்து, மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் மறுமையையும் பற்றிப் பேசிக்கொண்டே போவதாக அமைந்தது. சீன மொழியில் 19ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் பரவிய கிறிஸ்தவக் கதைநூல் அதுதான். மோரிசனோடு சேர்ந்து செய்த சீன வேதாகம மொழிபெயர்ப்பும் அந்த ஆண்டில் நிறைவுக்கு வந்தது. உபாகமம் முதல் யோபு வரையிலான பகுதியில் பெரும்பங்கு மில்னுடையது. யோபுவின் புலம்பலைச் சீனத்தில் எழுதிய மனிதர் தாயில்லாப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு கல்லூரியையும் அச்சகத்தையும் நடத்தினார். சீன மிஷனின் முதல் பத்தாண்டு வரலாற்றை எழுதி 1820இல் மலாக்காவிலேயே அச்சிட்டார். மக்காவ் நகரில் ரேச்சலோடு தனித்திருந்த மேரி மோரிசன் 1821 ஜூனில் காலராவில் இறந்தார். 1822 ஜூன் 2ஆம் தேதி மில்னும் போய்விட்டார். கடலில் பிறந்த இரட்டையரில் ஒருவரான வில்லியம் சார்லஸ் மில்ன் பிற்காலத்தில் தானும் மிஷனரியாகிச் சீனாவுக்குப் போனார், 1863இல் பீக்கிங்கில் இறந்தார்.

மற்ற வீடுகளிலும் இதே கதை நடந்தது. தாம்சனின் மனைவி மலாக்காவில் நோயுற்று, தாயகம் திரும்பும் கப்பலிலேயே இறந்தார். மரியா நியூவெல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தனியாக மலாக்காவுக்கு வந்து, 1829இல் இங்கே கார்ல் குட்ஸ்லாஃபை மணந்தார். கணவரோடு சயாமுக்குப் போய் மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர் 1831இல் பாங்காக்கில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று மாண்டார். ஜேம்ஸ் லெக் 1840 ஜனவரியில் மனைவி மேரி இசபெல்லாவோடு வந்து, 1843இல் கல்லூரியை ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார். சீனச் செவ்வியல் நூல்களை ஆங்கிலத்தில் தந்து, ஆக்ஸ்ஃபோர்டின் முதல் சீன மொழிப் பேராசிரியராக உயர்ந்தார். மேரி இசபெல்லா 1852இல் ஹாங்காங்கில் இறந்தார்.

இந்தப் பெண்களில் பலருக்கு சம்பளமும் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. மிஷன் ஆவணத்தில் திருமதி இன்னார். மலாயாத் தோட்டங்களில் புருஷனோடு கப்பலேறி வந்து நிரையில் நின்று பால்வெட்டி, லயத்தில் பிள்ளை பெற்று, யாருடைய மனைவி என்று மட்டும் பதிவேட்டில் அடையாளப்பட்ட தமிழ்ப் பெண்களை நினைக்காமல் இதைப் படிக்க முடியவில்லை. அவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஜெபமாலையும் வேதபுத்தகமும் மூட்டையில் வந்தன. ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, அலையடிக்கும்போது முணுமுணுத்த ஜெபங்களை எழுதி வைக்க அவர்களுக்கு நாட்குறிப்பு இல்லை, அச்சிட அச்சகமும் இல்லை. பேரப்பிள்ளைகளின் நினைவில் மிச்சமிருப்பதையாவது இன்றைக்கே கேட்டு எழுதி வைப்பது மலாக்கா தமிழ்ச் சபைகளுக்கும் பங்குகளுக்கும் உள்ள அவசரக் கடமை.

இன்னொரு மிஷனரித் தம்பதி சாமுவேல் டையரும் மரியா டார்னும். 1827இல் பினாங்கில் இறங்கினார்கள். சாமுவேல் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, ஆங்கிலிக்கன் உறுதிமொழி எடுக்க மனம் ஒப்பாமல் பட்டம் பெறாமலே விலகியவர். சீன நூல்களை ஒவ்வோர் எழுத்தாக எண்ணி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுத்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் முறைக்குப் பதிலாக உலோக எழுத்துகளை வார்ப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு எஃகு அச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டும் வேலையை ஜெபத்துக்கு ஒப்பான சிரத்தையோடு அவர் தொடர்ந்தார். மரியா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். 1835இல் குடும்பம் மலாக்காவுக்கு மாறியது. 1837 ஜனவரி 16ஆம் தேதி மரியா ஜேன் என்ற மகள் மலாக்காவில் பிறந்தாள்.

1842இல் சிங்கப்பூரில் தாய் மரியா தொடங்கிய பள்ளி இன்று செயின்ட் மார்கரெட் பள்ளியாக, அந்தத் தீவின் மிகப் பழைய பெண்கள் பள்ளியாக நிற்கிறது. மறு ஆண்டு அக்டோபரில் சாமுவேல் மக்காவ் நகரில் இறந்தார், வயது 39. மரியா மறுமணம் செய்துகொண்டு 1846இல் பினாங்கில் இறந்தார். ஒன்பது வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்த மரியா ஜேன் இங்கிலாந்தில் உறவினர் ஆதரவில் வளர்ந்தாள்.

பதின்பருவத்தில், அக்காள் புரெல்லாவோடு, அந்தப் பெண் மறுபடியும் கடலேறினாள். சீனாவின் நிங்போ நகரில் மேரி ஆன் ஆல்டர்சி நடத்திய பள்ளியில் ஆசிரியையானாள். அங்கே ஹட்சன் டெய்லரைச் சந்தித்தாள். சீன உடை உடுத்தி, சடை பின்னிக்கொண்டு திரிந்த, பணமோ பட்டமோ இல்லாத அந்த இளைஞரை ஆல்டர்சி அம்மையார் ஏற்கவில்லை. டெய்லருக்கு மறுப்புக் கடிதத்தை மரியாவின் பக்கத்தில் நின்று எழுத வைத்தார். மரியாவின் சட்டப்படியான காப்பாளர் லண்டனிலிருந்த டார்ன் மாமா. கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சம்மதம் வந்தது. 1858 ஜனவரி 20ஆம் தேதி நிங்போவில் கல்யாணம்.

கிறிஸ்தவ உலகத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பயணத் தம்பதிகளில் இவர்களும் உண்டு. 1865இல் ஹட்சன் டெய்லர் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். 1866 மே 26ஆம் தேதி, தங்கள் நான்கு பிள்ளைகளோடும் புதிய ஊழியர்களோடும் லாமர்மூர் என்ற பாய்க்கப்பலில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். தென்சீனக் கடலில் சூறாவளி கப்பலைச் சிதைத்தது. செப்டம்பர் முடிவில் ஒருவழியாக ஷாங்காய் சேர்ந்தார்கள். மறு ஆண்டு எட்டு வயது மகள் கிரேஸ் இறந்தாள். 1868இல் யாங்ஜோவில் ஊரார் கூட்டம் வீட்டைத் தாக்கியபோது மரியா கர்ப்பிணி. 1870 ஜூலையில், பிறந்து பதின்மூன்று நாளே ஆன மகனைப் புதைத்த சில நாளில், மரியாவும் சென்ஜியாங்கில் இறந்தார். வயது 33. சீனரின் பேச்சுமொழியை இளமையிலிருந்தே பழகிய இந்தப் பெண், கணவரின் மிஷனுக்குள் வந்த இளம் பெண்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர். ஹட்சன் டெய்லரின் பெயரைக் கிறிஸ்தவ உலகம் நன்கு அறியும். மரியா பிறந்த ஊரில் அவரைப் பற்றி அறிந்தவர்கள் மிகச் சிலர்.

சீனாவில் ஆட்சி மாறியபின் சீன உள்நாட்டு மிஷன் 1951இல் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்த மலாயாவில், கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரிப்பதற்காகச் சீனரை முள்வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களுக்கு அதன் ஊழியர்கள் வந்தார்கள். தோட்டத் தமிழரின் லயங்களையும் அதே ஆண்டுகளில் அரசு ஓரிடமாகத் திரட்டி வேலி போட்டுக்கொண்டிருந்தது. மலாக்காவில் பிறந்த பெண் சீனாவில் உயிர்கொடுத்து வளர்த்த மிஷன், அவர் இறந்து எண்பது ஆண்டு கழித்து மலாயாவுக்கே வந்து சேர்ந்தது.

அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன், மலாக்கா மிஷனரிகளை வழியனுப்பிவிட்டு, அப்துல்லா முன்ஷி சிங்கப்பூரில் ஓய்வில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குத் தோழராக வாய்த்தவர் பெஞ்சமின் கீஸ்பெரி, ஹைதராபாத்தில் பிறந்த மிஷனரி. இருவரும் சேர்ந்து மலாய் நூல்களை அச்சிட்டார்கள். அப்துல்லாவின் சுயசரிதை 1849இல் வெளியானதும் அந்தக் கூட்டுறவில்தான். 1854இல் அப்துல்லா தம்முடைய பயணத்துக்குப் புறப்பட்டார். மக்காவுக்கு ஹஜ். கப்பல் இலங்கையைத் தாண்டிக் குமரிமுனைக் கடலுக்குள் நுழைந்தபோது எழுந்த அலையையும், உயிர் பிழைப்போமா என்று நடுங்கியதையும், இறைவனை அழைத்ததையும் அவர் நாள்தோறும் எழுதி வந்தார். பாட்டனாரும் பூட்டனாரும் கடந்துவந்த கடல் அது. ஜெட்டா சேர்ந்தார், மக்காவை அடைந்தார், அந்த ஆண்டே அந்த மண்ணில் காலமானார். அவருடைய குறிப்பேடு சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தது. 1858இல் தொடங்கிய செர்மின் மாத்தா என்ற மலாய் இதழில் அந்த ஹஜ் பயணக் குறிப்பை அச்சேற்றியது கீஸ்பெரியின் கிறிஸ்தவ மிஷன் அச்சகம்.